எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு தக்கை

ஆர்வில் ஹாக்கனின் தக்கை வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போனதை இந்த ஊரில் எல்லோரும் பார்த்தோம். எல்லோரும் சிரித்தோம். ஏன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவன் போட்டது நெல்லிக்காய் அளவு ஆரஞ்சுத் தக்கை. சாயர் ஓடையில் கோஹோ சால்மன் பிடிக்கிற எல்லோரும் போடுவது அதுதான். நரம்பில் தக்கை, அதற்குக் கீழே ஈயக்குண்டு, அதற்கும் கீழே ஒரு முழம் விட்டு முள், முள்ளில் உப்பும் சர்க்கரையும் போட்டு ஊறவைத்த சினை. மடுவின் மேல்பக்கம் எறிந்துவிட்டு, தக்கையைத் தண்ணீரின் போக்கில் விட்டு, அதையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தக்கை முங்கினால் சுண்ட வேண்டும். கையில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. எல்லாம் கண்ணில்தான் இருக்கிறது.

அடுத்த வருடம் ஆர்வில்லின் தக்கை கொஞ்சம் பெருத்து, பச்சை கலந்த மஞ்சளானது. இந்த வருடம் அக்டோபரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்றை அவனே கட்டையில் செதுக்கி, தலையில் வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தான். எங்கள் டிப்போவில் மாற்று ஓட்டுநராக இருக்கும் ராய்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "என்னடா ஆர்வில், மீன் பிடிக்கப் போறியா, கப்பல் விடப் போறியா?" என்று கேட்டான். டிப்போவே சிரித்தது. ஆர்வில்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

ஆர்வில்லும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. இருவருக்கும் இப்போது ஐம்பத்தைந்து. இருபத்தேழு வருடமாக ஆறாம் நம்பர் பள்ளிப் பேருந்து அவனுடையது. பத்தொன்பது வருடமாக அதே டிப்போவில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து பத்து வண்டிகளையும் மேய்க்கிறவள் நான். தினமும் காலையில் வண்டியை எடுக்கும்போது ரேடியோவில், "மகாராணி, ஆறு கெளம்புது. உத்தரவு உண்டா?" என்பான். நானும், "உத்தரவு குடுத்தாச்சு, தொலைஞ்சு போ" என்பேன். இதைக் கேட்காத நாள் எனக்கு விடிந்த மாதிரியே இருக்காது.

அவனுக்குக் கல்யாணம் ஒன்று நடந்து நாலே வருடத்தில் முறிந்தது. பிள்ளை இல்லை. யாராவது கேட்டால், "யாரு சொன்னது? முப்பத்தேழு இருக்கு. காலைல ஏத்தி சாயங்காலம் எறக்கி விட்டுருவேன், ராத்திரி அழுதா மத்தவன் பாத்துப்பான்" என்பான். விளையாட்டுக்குச் சொல்வதில்லை அது. தன் வீட்டுக்குப் பின்னால் சின்னப் புகைக்கொட்டகை வைத்திருக்கிறான். அக்டோபரில் பிடிக்கிற கோஹோவை ஆல்டர் விறகில் புகைபோட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புவான். மீன் தின்னாத பிள்ளைக்கும் உண்டு. அந்தப் பேருந்தை எடுத்துவிட்டால் இந்த ஆளிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கொட்டகையும் ஒரு தூண்டிலும்தான்.

என் மகள் பிரிட்டா அந்த முப்பத்தேழில் ஒருத்தி. நாற்பத்து மூன்று வயதில் நான் பெற்றவள், பன்னிரண்டு வயது, என்னைப் போலவே வாய் நீளம். புதன்கிழமை சாயங்காலம் சாப்பிடும்போது சும்மா சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அம்மா, இன்னிக்கு ஆர்வில் டோபினை விட்டுட்டுப் போயிட்டாரு."

டோபின் ஒன்றாம் வகுப்புப் பையன். மில் ரோடு முனையில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் சாம்பல் நிற ஜாக்கெட்டோடு நிற்பான்.

"அவன் லேட்டா வந்திருப்பான்."

"இல்லம்மா. நின்னுட்டுத்தான் இருந்தான். பனியில. நாங்க எல்லாரும் கத்தினோம், அப்புறம்தான் நிறுத்தினாரு. வெளையாட்டுன்னு சொன்னாரு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் ஆறாம் நம்பரின் வலதுபக்கக் கண்ணாடியில் ஒரு நீளக் கீறலைப் பார்த்திருந்தேன். இருபத்தேழு வருடத்தில் அந்த வண்டியில் விழுந்த முதல் கீறல் அது. மரக்கிளை உரசிவிட்டது என்றான், நானும் எழுதிக்கொண்டேன். கீறல், டோபின், எலுமிச்சம்பழம். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டன.

நான் நேராகப் போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம் வாயைக் கட்டிப்போட்டது. தப்பாக இருந்துவிட்டால் அவன் என் முகத்தில் விழிக்க மாட்டான், சரியாக இருந்துவிட்டால் அதைவிட மோசம். அதனால் சனிக்கிழமை ஓடைக்கு நானும் வருகிறேன் என்று சொன்னேன். தூண்டில் போடும்போது அவனைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அவனுடைய பிக்கப் வண்டியிலேயே போனோம்.

செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் ஓடை ஏறி, சனிக்கிழமைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கடுங்காப்பி நிறம். இப்படி இறங்குகிற தண்ணீரில்தான் கோஹோ கடலிலிருந்து ஏறி வந்து, கட்டைகள் விழுந்து கிடக்கிற அமைதியான மடுக்களில் ஓய்வெடுக்கும். மேப்பிள் இலைகள் கொட்டுகிற காலம் வேறு. கை அகல மஞ்சள் இலைகள் மடு முழுக்க மிதந்துகொண்டிருந்தன. எதிர்க் கரையில் ராய்ஸ் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான்.

"வாங்க வாங்க, கப்பல் வந்திருச்சா?" என்று அங்கிருந்தே கத்தினான்.

"வந்திருச்சு. உன்ன ஏத்த மாட்டேன், கனம் தாங்காது" என்றான் ஆர்வில்.

அவன் எறிந்ததில் ஒரு குறையும் இல்லை. பழகின கை. தக்கை மடுவின் தலைப்பில், விழ வேண்டிய இடத்தில் போய் விழுந்தது. நான் என் தூண்டிலைப் பேருக்குப் போட்டுவிட்டு அவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலையைக் கோழி மாதிரி ஒருக்களித்துச் சாய்த்து, ஓரக்கண்ணால் தண்ணீரைப் பார்த்தான். முன்பெல்லாம் இப்படி நிற்க மாட்டான். ரீலுக்கு மேலே நரம்பை ஆள்காட்டி விரலில் சுற்றாத குறையாகப் பிடித்திருந்தான். தக்கை போடுகிறவன் எவனும் நரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. கண் இருக்கும்போது விரல் எதற்கு?

மூன்றாவது எறிதலில் அது நடந்தது. தக்கையும் ஒரு மஞ்சள் இலையும் பக்கத்துப் பக்கத்தில் மிதந்து வந்தன. நடு மடுவில் கட்டை ஓரமாக வந்ததும் தக்கை நின்றது. ஒரு நடுக்கம். பிறகு சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. அவ்வளவு பெரிய தக்கை, வெள்ளைத் தலையோடு, ஒரேயடியாகக் காணாமல் போனது.

ஆர்வில் சுண்டவில்லை. அவனுடைய தலை மெல்ல மெல்லக் கீழ்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனது. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மஞ்சள் இலை மடுவின் வால் வரைக்கும் போக, அவன் முகமும் அதன் கூடவே போனது. "சுண்டுடா" என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது, வெளியே வரவில்லை. நரம்பு அவன் விரலில் இறுகின பிறகுதான் சுண்டினான். மீன் அதற்குள் துப்பிவிட்டுப் போயிருந்தது.

"சும்மா உரசிட்டுப் போச்சு" என்றான்.

"ஆமா" என்றேன்.

அந்த 'ஆமா'வுக்காக என்னையே நான் நாலு அறை அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது. இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவள் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதை எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. ராய்ஸ் இருபதடி தள்ளி எதிரே நிற்கிறான், அவன் காதில் ஒன்று விழுந்தால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். கால் விரல்கள் ரப்பர் பூட்ஸுக்குள் மரத்துப்போக, அப்படியே நின்றேன்.

அரை மணி கழித்து அவன் விரலில் நரம்பு மறுபடியும் இறுகியது. இந்தத் தடவை சரியான நேரத்தில் சுண்டிவிட்டான். தூண்டில் வில்லாக வளைந்தது. கோஹோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே குதித்தது, வெள்ளி மாதிரி, கடல் வாசனை போகாத மீன்.

"பெருசு! பெருசு! கட்டைக்கு அடியில விடாத!" என்று ராய்ஸ் எதிர்க் கரையில் குதித்தான்.

ஆர்வில் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டுகூட அவன் மீனோடு மல்லுக்கட்டுவான் என்று முன்பெல்லாம் சொல்வோம். கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்கிறான் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. பத்து நிமிடத்தில் மீனைக் கரைக்குக் கொண்டுவந்தான். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கைவலையில் வாங்கினேன்.

இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. சாயர் ஓடையில் பண்ணை மீனை மட்டும்தான் எடுத்துக்கொள்ளலாம். ஓடையிலேயே பிறந்த மீனை விட்டுவிட வேண்டும். வித்தியாசம் முதுகில், வாலுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அங்கே கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். பண்ணையில் குஞ்சாக இருக்கும்போதே அதை வெட்டிவிடுவார்கள். வெட்டினதை நாங்கள் மொட்டை என்போம். மொட்டையை அடிக்கலாம், துடுப்பு இருந்தால் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கக்கூடக் கூடாது. ஆர்வில் தன் வாழ்நாளில் ஒரு ஓடை மீனைக்கூட அடித்ததில்லை. அதில் அவனுக்கு உள்ளூர ஒரு கர்வம்.

குனிந்து வலைக்குள் கை விட்டான். விரல் வெட்டின கையுறையில் கட்டைவிரல் குளிரில் நீலம் பாரித்திருந்தது. அந்த விரலால் மீனின் முதுகைத் தடவினான். ஒரு வருடமாகவே அவன் தடவித்தான் பார்க்கிறான், அதைப் பெரிய ஸ்டைல் என்று பையன்கள் சிலர் காப்பியடிக்கவும் செய்கிறார்கள்.

"மொட்டை" என்றான்.

நான் மீனைப் பார்த்தேன். துடுப்பு இருந்தது. சின்னதாக, முழுசாக, சாய்ந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

இடது கையால் வாலைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்த தடியை உருவினான். எனக்கு ஒரு நொடி இருந்தது. நிறையவே இருந்தது அந்த நொடி. "ஆர்வில், நில்" என்றால் போதும். ஆனால் எதிரே ராய்ஸ் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னால், பெரிய ஆர்வில் ஹாக்கனுக்குத் துடுப்பு தெரியவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் நினைத்தேன். மீனை நினைக்கவில்லை. தடி இரண்டு தரம் இறங்கியது.

"மொட்டையா?" என்று ராய்ஸ் கத்தினான்.

"மொட்டைதான்!" என்று ஆர்வில் திருப்பிக் கத்தினான்.

ராய்ஸ் இரண்டு கெட்ட வார்த்தையில் பாராட்டிவிட்டு, தன் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கீழ்மடுவுக்குப் போனான். அவன் திருப்பம் தாண்டுகிற வரைக்கும் நான் காத்திருந்தேன்.

"ஆர்வில். துடுப்பு இருக்கு."

"என்னது?"

"மீனுக்குத் துடுப்பு இருக்கு. மொட்டையில்ல."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. கையுறையைக் கழற்றினான். கட்டைவிரலை வாய்க்குள் வைத்துச் சூடாக்கினான், குழந்தை விரல் சப்புகிற மாதிரி, ரொம்ப நேரம். பிறகு அந்த விரலால் மறுபடி முதுகைத் தடவினான். ஒரு இடத்தில் விரல் நின்றது. முன்னும் பின்னுமாக அந்தத் துடுப்பை மெல்லத் தள்ளிப் பார்த்தான்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அடிக்கிறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடியேதான்."

"அப்புறம் ஏண்டி வாயத் தொறக்கல?"

"நீ ஏண்டா தொறக்கல? எத்தன நாளா?"

செத்தாலும் ஓடை மீனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். அவன் மீனை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் வைத்தான். அது வயிறு தெரியப் புரண்டு, கல்லில் முட்டி, மெதுவாக நகர்ந்தது.

"போயிடுச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. அந்தக் கல்லுகிட்ட நிக்குது."

"இப்ப?"

"போயிடுச்சு."

கரையில் ஈரக் கட்டைமேல் உட்கார்ந்தான். ஒன்றரை வருடம் என்றான். சர்க்கரை வியாதியால் வந்தது. ஓரமெல்லாம் தெரியும், நடுவில் கரியைப் பூசிவிட்ட மாதிரி ஒரு திட்டு. பெரிய ஊருக்குப் போய் யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் காட்டியிருக்கிறான். ஊசி போட்டால் இதோடு நிற்குமாம், போனது திரும்பாதாம். ஓட்டுநர்களுக்கான கண் பரிசோதனை அவனுக்கு ஜனவரியில் வருகிறது. அதில் தேறமாட்டான் என்று அவனுக்கே தெரியும்.

"ஜனவரி வரைக்கும் விடு, ட்ரூடி. கிறிஸ்துமஸ் பொட்டலத்த இந்த ஒரு தடவ குடுத்துட்டு நானே நின்னுக்கறேன். ரெண்டே மாசம்."

"ரெண்டு மாசமா? டோபினை விட்டுட்டுப் போனியே, அது மூணு நாளைக்கு முன்னாடிதான."

"விடல. நிறுத்தினேன்."

"பிள்ளைங்க கத்தினதால நிறுத்தின. அவன் ரோட்டுல நின்னிருந்தா? வண்டிக்கு முன்னாடி எதையாவது எடுக்கக் குனிஞ்சிருந்தா?"

"என் ரூட்ட பத்தி எனக்குச் சொல்றியா? இருபத்தேழு வருஷம்! ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்திருக்கா? சொல்லு!" எழுந்துவிட்டான். கத்தினதில் மேப்பிள் மரத்திலிருந்து காக்கை பறந்தது. "நீ ஒரு ரூமுக்குள்ள உக்காந்து பட்டன அமுக்குறவ. என் வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

சாமான்களை அள்ளிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டான். நான் போய்ச் சேரும்போது பிக்கப் உறுமிக்கொண்டிருந்தது. சாவியைக் கொடு, நான் ஓட்டுகிறேன் என்றேன். "ஏறுறதுன்னா ஏறு. இல்லன்னா நட" என்றான். ஏறினேன். கூட ஒரு ஜோடிக் கண்ணாவது இருக்கட்டும் என்றுதான் ஏறினேன்.

எங்கள் ஊர்ச் சாலை ஓடையைவிட வளைவு. ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் பள்ளம். ரேடியோ போடவில்லை, பேசவில்லை. முதலில் அவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறான் என்று நினைத்தேன், திட்டுகிறானாக்கும் என்று. பிறகுதான் கேட்டது. எண்ணிக்கொண்டிருந்தான். "…ஒம்பது, பத்து, பதினொன்னு" என்றதும் ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினான். சாலை அங்கேதான் திரும்பியது. ஓரத்தில் ஒரு தபால் பெட்டி நிழலாகத் தாண்டியதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். ஒரு வண்டி மட்டும் போகிற பாலம் வந்தது. நாலு எண்ணி, வேகத்தைக் குறைத்து, கம்பிகளுக்கு நடுவே ஊசியில் நூல் கோத்த மாதிரிக் கொண்டுபோனான். நான் கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன். என் மகள் தினமும் இப்படித்தான் போய்வருகிறாள் என்பதைத் தவிர வேறொன்றும் நினைக்க முடியவில்லை.

என் வீட்டு வாசலில் நிறுத்தினான். "பாத்தியா? ஒரு கீறல் இல்ல" என்றான். குரலில் ஜெயித்துவிட்ட தொனி.

"பெட்டிய எண்ணலாம், ஆர்வில். அது நட்ட எடத்துல நிக்கும். பிள்ளைங்கள எப்படி எண்ணுவ? அதுங்க ஒரு எடத்துல நிக்குதா?"

அவன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலைல நான் ஒரு நொடி வாயப் பொத்திக்கிட்டு நின்னேன், ஒரு மீன் போயிடுச்சு. இன்னொரு தடவ நிக்க மாட்டேன். திங்கக்கிழமை காலைல அஞ்சரைக்குள்ள நீயே மேல போய்ச் சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லு. சொல்லிட்டு நல்லாத் தூங்கு" என்றான். நான் கதவைச் சாத்துவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு தடவை போனை எடுத்து ஏழு தடவை கீழே வைத்தேன். பிரிட்டாவை ஒன்றுமில்லாததற்கெல்லாம் திட்டினேன். எனக்கு அவன்மேல் கோபம், அவனை இப்படி மூலையில் தள்ள வேண்டி வந்ததற்காக என்மேல் அதைவிடக் கோபம்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே டிப்போவுக்குப் போய்விட்டேன். வெளியே பனி ஆள் தெரியாமல் இறங்கியிருந்தது. சாவிப் பலகையிலிருந்து ஆறாம் நம்பர் சாவியை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்து காப்பி ஊற்றிக்கொண்டார்கள். ராய்ஸும் வந்தான். ஐந்தரை ஆனது. ஆர்வில் வரவில்லை. ஐந்து நாற்பது. நான் எழுந்து மேலாளர் அறைக்குப் போக நாற்காலியைத் தள்ளினபோது மாடிப்படியில் காலடி கேட்டது. மேலேயிருந்துதான் இறங்கி வந்தான். ஓட்டுநர் ஜாக்கெட் போட்டிருந்தான், தாடி மழித்திருந்தான். நேராக என் மேஜைக்கு வந்து கையை நீட்டினான்.

"ஆறாம் நம்பர் சாவி."

"தர மாட்டேன்."

காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நான் பைக்குள் சாவியைக் கை வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நேத்து மீன் போலீஸுக்கு போன் பண்ணினேன்" என்றான் ஆர்வில். மெதுவாகப் பேசவில்லை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினான். "ஓடை மீன அடிச்சிட்டேன்னு சொன்னேன். ஒரு பொண்ணு எடுத்தா, சின்னப் பொண்ணு, குரல்ல தெரிஞ்சுது. எப்படி சார் அடிச்சீங்கன்னு கேட்டா. துடுப்பு தெரியல, எனக்குக் கண்ணு தெரியலம்மான்னு சொன்னேன். மொத மொதலா வாய் விட்டுச் சொன்னது, முகம் தெரியாத ஒருத்திகிட்ட. அவ எழுதிக்கிட்டா. அப்புறம் ஃபாரத்துல இருக்கிற அடுத்த கேள்விய கேட்டா. என்ன வேலை பாக்குறீங்கன்னு."

நீட்டியிருந்த கையைக் கீழே இறக்கினான்.

"பதில் சொல்ல வரல, ட்ரூடி. ஹலோ, ஹலோங்கிறா. போன வெச்சுட்டேன்."

ராய்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல சொல்லியாச்சு. சாவி எனக்கில்ல. ராய்ஸுக்குக் குடு. இந்த வாரம் அவன் பின்னாடி சீட்டுல உக்காந்து ரூட்டக் காட்டிக் குடுக்கச் சொல்லியிருக்காங்க." பிறகு ராய்ஸ் பக்கம் திரும்பினான், அதே ஒருக்களித்த தலையோடு. "கப்பல பத்தி ஏதாவது பேசின, பாதி வழில எறக்கி விட்டுருவேன்."

ராய்ஸ் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். வந்து என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டான். சாவி வியர்வையில் நனைந்திருந்தது.

ஆறரைக்கு ரேடியோ கரகரத்தது. "மகாராணி, ஆறு கெளம்புது. உத்தரவு உண்டா?" ராய்ஸின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால் ரேடியோவை ஆர்வில் வைத்திருந்தான். "உத்தரவு குடுத்தாச்சு" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

ஒவ்வொரு நிறுத்தமாக அவன் குரல் வந்தது. பாலம் தாண்டியாச்சு. பிரிட்டா ஏறியாச்சு, மூஞ்ச தூக்கி வெச்சிருக்காளாம். மற்ற வண்டிகளுக்குப் பதில் சொன்னபடியே என் காது ஆறாம் நம்பரில்தான் கிடந்தது. ஏழு ஐந்துக்கு மில் ரோடு முனை வர வேண்டும். ஏழு ஆறு ஆனது. ஏழு ஏழு. வெளியே பனி கொஞ்சமும் விலகவில்லை. நான் பொத்தான்மேல் விரலை வைத்து எடுத்தேன்.

ரேடியோ திறந்தது. முதலில் பிள்ளைகளின் இரைச்சல், கதவு மூடுகிற சத்தம்.

"டோபின் ஏறிட்டான்" என்றான் ஆர்வில். "ட்ரூடி, அவன் பெட்டிகிட்ட நின்னு கையாட்டினானாம். ராய்ஸ் சொல்றான். ஏறினதும் அவன்கிட்டயே கேட்டேன். தினமும் ஆட்டுவானாம். நான்தான் திருப்பி ஆட்டுறதே இல்லயாம்."

நான் பொத்தானை அழுத்தி, "சரி, ஆறு. குறிச்சாச்சு" என்றேன்.